அஸ்தினாபுரத்தில் இசை கட்டுக்குள் வந்த விதம்

ஜெபின் கேட்டது ஒரு பிளக் பாயிண்ட். அதைத் தவிர அவன் வேறு எதையும் கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததையெல்லாம் பார்த்துவிட்டு, இவன் என்னவோ பெரிதாகக் கேட்டுத் தொலைத்திருக்கிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அஸ்தினாபுரத்தில் ஒரு பூங்கா. நடுவில் வட்டமாக ஒரு சிமெண்டு மேடை. யார் எதற்காகக் கட்டினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. காலையில் அதன்மேல் யோகா செய்வார்கள், மத்தியானம் நாய்கள் தூங்கும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெபின் கூட்டம் வாசிக்கும். கூட்டம் என்றால் மூன்று பேர். ஜெபின் பேஸ் கிடார். மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. டிரம்ஸ் வாசிக்கும் ஜோஷ்வா அவனுடைய மச்சான். பாடுவது ஷீலா, ஜெபினின் மனைவி. பாட்டை எழுதுவதும் அவள்தான். தண்ணி லாரிக்குக் காத்திருப்பது, மேம்பாலத்தடியில் பஸ் பிடிப்பது, நைட் ஷிப்டு முடிந்து வரும் புருஷனுக்குத் தோசை வார்ப்பது என்று அவளுக்குத் தெரிந்ததையே எழுதுவாள். கேட்பவர்களுக்கும் அதுதான் தெரிந்தது என்பதால் நின்று கேட்பார்கள்.

ஷீலாவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையிலிருந்து ஊசி குத்திக்கொண்டே இருக்க வேண்டும். "வாரம் பூரா என்னியப் பார்த்தா எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. ஞாயித்துக்கெயம ஒரு நாளுதான் என் மூஞ்சியப் பாக்கறாங்க" என்று அவள் ஒருமுறை சொன்னாள். அன்றிலிருந்து, சூப்பர்வைசர் எத்தனை முறை கேட்டும் ஜெபின் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குப் போனதில்லை. அந்த ஒரு சாயங்காலம் போனால் ஷீலாவுக்கு வேறு எதுவும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

கரண்டு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. பூங்காவின் காம்பவுண்டை ஒட்டி சாம்பசிவன் என்ற ரிட்டயர்டு பேங்க் ஆபீசரின் வீடு. அவர் வீட்டு மோட்டார் ரூமிலிருந்து ஒரு ஒயரைச் சுவர்மேல் போட்டுக்கொள்ள அவரே சொல்லியிருந்தார். நல்ல மனுஷர். ஒரே தொல்லை, ஆம்ப்ளிஃபயரும் மோட்டாரும் சேர்ந்து ஓடினால் ஃப்யூஸ் போய்விடும். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது சுவருக்கு மேல் அவர் தலை தெரியும். "ஜெபின், டேங்க் காலி. கொஞ்ச நேரம்ப்பா" என்பார். ஷீலா பாதியில் நிறுத்துவாள். கேட்க வந்தவர்கள் போய்ச் சுண்டல் வாங்கிக்கொண்டு வருவார்கள். டேங்க் நிறைந்ததும் விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடரும்.

எத்தனை நாளைக்கு அந்த மனுஷரைத் தொந்தரவு செய்வது? மேடைக்குப் பக்கத்திலேயே விளக்குக் கம்பம் இருக்கிறது. அதில் ஒரு பிளக் பாயிண்ட் வைத்தால் தீர்ந்தது. எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தால் வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார். ஜெபின் நகர நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தான்.

அவன் கெட்ட நேரம், நகரத்தில் இசையை வளர்ப்பது என்று நிர்வாகம் அப்போதுதான் முடிவு செய்திருந்தது.

யாரோ சில அதிகாரிகள் வெளிநாட்டுக்குப் போய், அங்கே நகர நிர்வாகங்கள் உள்ளூர் இசைக்காரர்களுக்கு உதவி செய்வதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். வந்த வேகத்தில் நகர இசை வளர்ச்சிக் குழுமம் என்று ஒன்று பிறந்தது. பிறந்த குழந்தைக்கு ஒரு ஆபீசர் வேண்டும், ஒரு வண்டி வேண்டும், களப்பணியாளர்கள் வேண்டும். புதிதாகப் போட நிதி இல்லை. கொசு ஒழிப்பில் இருந்த ராஜகோபாலன், அவருடைய வண்டி, அவருடைய ஆட்கள் எல்லோரும் அப்படியே இசைக்கு மாற்றப்பட்டார்கள். வண்டியின் பக்கவாட்டில் இருந்த பெரிய கொசுப் படத்தின்மேல் ஒரு வீணையை வரைந்தார்கள். பெயிண்டு பற்றாமல் கொசுவின் கால்கள் மட்டும் வீணைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை.

ஜெபினின் மனு குழுமத்துக்கு வந்த முதல் மனு. ராஜகோபாலனே நேரில் கூப்பிட்டு உட்கார வைத்தார், டீ வரவழைத்தார். ஜெபினுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"சார், ஒரு பிளக் பாயிண்ட் குடுத்தா போதும் சார். கம்பம் பக்கத்துலயே கீது."

"தம்பி, பிளக் பாயிண்ட்டுங்கறது ஒரு தீர்வு" என்றார் ராஜகோபாலன். "தீர்வுக்கு முன்னாடி பிரச்சினை இருக்கணும். பிரச்சினைக்கு முன்னாடி சர்வே இருக்கணும். சர்வேக்கு முன்னாடி மக்கள் கருத்துக் கேட்கணும். எடுத்த எடுப்புல தீர்வுக்குப் போறதா இருந்தா நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம், சொல்லுங்க?"

ஜெபினுக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனால் டீயைக் குடித்துவிட்டபடியால் சொல்லவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்தது. இசைக்காரர்கள் எல்லோரும் வர வசதியாக இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைத்தார்கள். இசைக்காரர்கள் எல்லோருக்கும் வேலை இருப்பது அந்தச் சாயங்காலம் ஒன்றுதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. ஆனாலும் வந்தார்கள். நாதஸ்வரக்காரர்கள், சர்ச் பாடகர் குழு, கல்யாண ஆர்கெஸ்ட்ராக்காரர்கள், சாவு மேளம் அடிப்பவர்கள், மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் அனந்தகிருஷ்ணன் என்று கூடம் நிறைந்துவிட்டது. இத்தனை பேர் இந்தப் பக்கம் வாசிக்கிறார்களா என்று அவர்களே ஒருவரையொருவர் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டார்கள். மைக் கீச்சிட்டது. ஜெபின் எழுந்துபோய் ஒயரைச் சரிபண்ணிக் கொடுத்தான்.

சரியாகிவிட்ட மைக்கில் ராஜகோபாலன் பேசினார். "முப்பது வருஷம் நான் பொது சுகாதாரத்துல இருந்தவன். எனக்கு சங்கீதம் தெரியாது. தெரியாததுதான் என்னோட தகுதி. தெரிஞ்சவன் ஒரு பக்கம் சாய்ஞ்சுடுவான். எனக்குக் கர்நாடக சங்கீதமும் சாவு மேளமும் ஒண்ணு. ரெண்டும் எனக்குப் பிடிக்காது. அதனால ரெண்டையும் சமமா வளர்ப்பேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். இப்படி மனம் திறந்து ஒரு அதிகாரி பேசி அவர்கள் கேட்டதில்லை.

பேச்சு முடிந்தபோது கூடத்தில் அடுத்து ஒரு வளைகாப்பு இருந்தது. வளையல் தட்டுகளோடு பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். மக்கள் கருத்து கேட்க நேரம் இல்லை. சமோசா வாங்கிக்கொண்டு எல்லோரும் கலைந்தார்கள். கருத்துக் கேட்பு வெற்றிகரமாக முடிந்தது என்று மறுநாள் செய்தி வந்தது.

அடுத்தது சர்வே. அஸ்தினாபுரத்துக்குச் சத்யபிரியா வந்தாள். ஒப்பந்தப் பணியாளர். முன்பு வீடு வீடாகப் போய்த் தொட்டியில் டார்ச் அடித்துக் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள். இப்போது அதே தெருக்களில், அதே பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, எந்த வீட்டில் பாட்டு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகளும் பழையவைதான். அதில் ஒரு வார்த்தையை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேடைக்கு வந்து சத்யபிரியா கேட்டாள். "அண்ணா, இசை எத்தினி நாளா கீது?"

"பல வருஷமா கீதும்மா."

"பகல்ல ஜாஸ்தியா, சாயங்காலம் ஜாஸ்தியா?"

"சாயங்காலம்."

"அக்கம்பக்கத்து வூட்லயும் கீதா?" என்று கேட்டுக்கொண்டே பழைய பழக்கத்தில் டார்ச்சை எடுத்து ஜோஷ்வாவின் டிரம்முக்குள் அடித்துப் பார்த்தாள். ஜோஷ்வாவும் குனிந்து பார்த்தான்.

பிறகு அவள் மேடையில் உட்கார்ந்து ஷீலாவின் பாட்டுகளைக் கடைசிவரை கேட்டாள். தோசைப் பாட்டை இன்னொரு தடவை பாடச் சொன்னாள். போகும்போது ஒயர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, சாம்பசிவன் வீட்டுக் காம்பவுண்டில் சிவப்புப் பெயிண்டால் தேதி போட்டு, "ஆதாரம் கண்டறியப்பட்டது" என்று எழுதிவிட்டுப் போனாள். அவளுக்குச் சொல்லியிருந்தது அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தில் சுவரில் சிவப்புப் பெயிண்டு இருந்தால் ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டுத் தொட்டியில் புழு. மறுநாள் காலை பால் பாக்கெட் போடுகிறவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்று பாக்கெட்டை எறிந்தார். எதிர்வீட்டுக்காரி சாம்பசிவனின் மனைவி அபிதகுஜாம்பாளிடம், "மாமி, வாரத்துக்கு ஒரு தடவை பிளீச்சிங் பவுடர் போட்டாப் போறும், ஒண்ணும் வெக்கப்படாதீங்கோ" என்று ஆறுதல் சொன்னாள். மாமி தன் வாழ்நாளில் தொட்டியை மூடாமல் விட்டதில்லை. பெயிண்டைத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. அடுத்த வாரம் அதற்குக் கீழே இன்னொரு தேதி விழுந்தது.

அதற்கடுத்த ஞாயிறு ஜெபின் ஒயரோடு வந்தபோது சாம்பசிவன் சுவரோரம் காத்துக்கொண்டிருந்தார். "தப்பா எடுத்துக்காதே, ஜெபின். மாமி தெருவுல தலை காட்ட முடியலைங்கறா. எனக்கு உங்க பாட்டு ரொம்பப் பிடிக்கும். ஆனா இந்த வயசுல என்னால எல்லார்கிட்டயும் போய், அது புழு இல்லே பாட்டுன்னு விளக்கிண்டிருக்க முடியாது."

"பரவால்ல சார். நீங்க இத்தினி நாள் குடுத்ததே பெருசு" என்றான் ஜெபின். அவனுக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

கரண்டு இல்லாமல் வாசித்துப் பார்த்தார்கள். ஆம்ப்ளிஃபயர் இல்லாத பேஸ் கிடாரை வாசிப்பவனைத் தவிர யாரும் கேட்க முடியாது. ஷீலா தொண்டை கிழியப் பாடினாள். தலைக்கு மேல் மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் ஒன்று போனதும் எதிரில் நின்றவர்களுக்கு அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அவர்கள் சுண்டல் வாங்கப் போனார்கள். சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு அப்படியே வீட்டுக்கும் போய்விட்டார்கள்.

மற்றவர்கள் நிலைமையும் அதுதான். அனந்தகிருஷ்ணன் வீட்டுச் சுவரிலும் சிவப்பு விழுந்த பிறகு மிருதங்க வகுப்புக்கு வந்துகொண்டிருந்த குழந்தைகளைப் பெற்றோர் நிறுத்தினார்கள். வந்த ஒன்றிரண்டு பேருக்கும் அவர் தலையணையில் தட்டச் சொல்லிக்கொடுத்தார். பாடகர் குழு பயிற்சியைப் பல்லாவரத்துக்கு மாற்றிக்கொண்டது. தைக்கும்போது பாடுகிற டெய்லர் ஒருவர் வாயில் நூலைக் கவ்விக்கொண்டார்.

பல மாதம் பொறுத்த பிறகு ஜெபின் மறுபடியும் குழுமத்துக்குப் போனான். ராஜகோபாலன் மிகுந்த சந்தோஷத்தில் இருந்தார். சுவரில் ஒரு வரைபடம். அதில் ஒரு கோடு இடது மேல் மூலையில் ஆரம்பித்து வலது கீழ் மூலைக்கு ஒழுங்காக இறங்கியிருந்தது.

"பாருங்க தம்பி. உங்க ஏரியாதான் முதல்ல நிக்குது. ஆரம்பத்துல தெருவுக்குத் தெரு இசை. இப்ப கிட்டத்தட்ட ஜீரோ."

ஜெபின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "சார், நீங்க இசைய வளக்கறதுக்குத்தானே வந்தீங்க. கொறஞ்சா நல்லதா சார்?"

ராஜகோபாலன் யோசித்தார். நேர்மையாக யோசித்தார் என்றே சொல்ல வேண்டும். நெற்றியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் வரைபடத்தைப் பார்த்தார். ஏதோ ஒன்று அவருக்குப் பிடிபடும் போல இருந்து, பிடிபடாமல் போய்விட்டது.

"முப்பது வருஷ சர்வீஸ்ல, எண்ணிக்கை கூடினா மெமோ வரும். குறைஞ்சா பாராட்டு வரும். குறைஞ்சு நான் கஷ்டப்பட்டதே இல்லை. அப்போ குறையறது நல்லதுதானே?"

"அந்த பிளக் பாயிண்ட் சார்."

"இப்ப போயி அதைக் கேக்கறீங்களே. பிளக் பாயிண்ட் வெச்சா எண்ணிக்கை ஏறிடாதா? இவ்வளவு பாடுபட்டுக் கீழ கொண்டுவந்திருக்கோம்" என்றார் ராஜகோபாலன். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

இசை வளர்ச்சியில் முதலிடம் பெற்ற பகுதியாக அஸ்தினாபுரம் தேர்வானது. விழா அதே பூங்காவில், அதே மேடையில். பந்தல், நாற்காலி, ஃபிளெக்ஸ், ஜெனரேட்டர் எல்லாம் வந்தன. குழுமத் தலைவர் வந்து பரிசு கொடுப்பார். அவர் வரும்வரை கூட்டத்தை உட்கார வைக்க வேண்டுமே. ராஜகோபாலன் ஜெபினுக்குப் போன் செய்தார். "தலைவர் வர்ற வரைக்கும் வாசிங்க. கார் வந்ததும் நிறுத்திடுங்க. விழா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வாசிக்கறது சர்வே கணக்குல வராது, கேட்டுக்கிட்டேன்."

ஜெபினுக்குப் போக மனமில்லை. ஷீலாதான் போகலாம் என்றாள். "கரண்டு கீதுல்ல. வுடு, பாடலாம்."

தலைவர் தாமதமாக வந்தார். இந்த ஊரில் இசைக்கு நிர்வாகம் செய்த ஒரே உதவி அந்தத் தாமதம்தான் என்று பிற்பாடு ஜெபின் நினைத்துக்கொண்டான். ஜெனரேட்டரில் ஒயரைச் சொருகி அவர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். பல மாதம் பூட்டி வைத்த குரல் முதல் பாட்டில் கொஞ்சம் தடுக்கியது. பிறகு சரளமாக வந்தது. நாற்காலியில் இருந்தவர்கள் செல்போனை மடியில் வைத்தார்கள். பூங்காவுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். சாம்பசிவன் சுவருக்கு மேல் தலையை நீட்டினார், டேங்க் காலி என்று சொல்லாமல் கேட்டார். பந்தலின் ஓரத்தில் பச்சைக் கோட்டோடு சத்யபிரியா நின்றுகொண்டு உதட்டை அசைத்தாள். அவளுக்கு எல்லா வரியும் தெரிந்திருந்தது. எல்லோரும் ஷீலாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புதுப் பாட்டு ஒன்று. வீட்டில் முணுமுணுத்து எழுதியது, வெளியே பாடியதே இல்லை. அதன் நடுவில் அவள் குரல் உச்சிக்குப் போய் நின்ற நேரத்தில் ராஜகோபாலன் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். "கார் வந்துடுச்சு. நிறுத்துங்க."

நிறுத்திவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் மேடையேறிய யாருக்கும் அது சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த வரியில் இருந்தாலும் கார் வந்தால் நிறுத்த வேண்டும். ஷீலா மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இறங்கினாள். யாரும் கைதட்டவில்லை. கைதட்டல் தலைவருக்கு வேண்டியிருந்தது.

தலைவர் எழுதிக்கொடுத்ததை வாசித்தார். "இதே பூங்காவில் ஒரு காலத்தில் கட்டுப்பாடில்லாமல் இசை பரவிக்கிடந்தது. பொதுமக்கள் அவதிப்பட்டார்கள். நமது குழுமத்தின் தொடர் நடவடிக்கையால் இன்று இங்கே இசை அறவே இல்லை. அண்டைப் பகுதிகளில் இருந்து மறுபடியும் பரவாமல் பார்த்துக்கொள்வது பொதுமக்களாகிய உங்கள் கடமை. இசை வாழ்க."

கூட்டம் கைதட்டியது. பழைய பேச்சில் ஒரு வார்த்தையை மாற்றிவிட்டுப் படிக்கிறார் என்பது சத்யபிரியாவுக்கு மட்டும் தெரிந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பயனாளி என்று ஜெபினை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சால்வை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக் நன்றாக வேலை செய்தது, அவன் வைத்த மைக். பேச வேண்டியது எல்லாம் அவனிடம் தயாராக இருந்தது. எதிரில் ராஜகோபாலன் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நன்றி" என்றான் ஜெபின்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஷீலா கேட்டாள். "இன்னாத்துக்கு நன்றி சொன்ன?"

"வேற இன்னா சொல்றது?"

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. ஜெனரேட்டரை அதற்குள் லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் கேட்டபோது ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டான். சில வாரம் போனான். ஒரு ஞாயிறு மெஷின் பழுது என்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்திருந்தான். ஷீலா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கிக்கொண்டே பாட ஆரம்பித்தாள். விழாவில் பாதியில் நின்ற அந்தப் பாட்டு. தனக்குப் பாடிக்கொள்கிற அளவுக்குத்தான் சத்தம்.

ஜெபின் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான்.

சாத்திய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவனுக்கே தெரிந்தது. பாட்டு நின்றுவிட்டது. ஷீலா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"ஏன் சாத்துற?"

"கொசு வருது" என்றான்.

அவனுக்கு அவமானமாக இருந்தது. மேடையில் நன்றி சொன்னபோதுகூட இவ்வளவு இல்லை. ஜன்னலைத் திரும்ப அகலமாகத் திறந்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"பாடு ஷீலா. கடசி வரிக்கும் பாடு. நான் முழுசா கேட்டதே இல்ல."

அவள் வெங்காயத்தை ஓரமாகத் தள்ளினாள். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்து, நின்றுபோன இடத்தைத் தாண்டி, கடைசி வரி வரைக்கும் பாடினாள். முடித்துவிட்டு, "எப்டி கீது?" என்று கேட்டாள்.

பாட்டு முடிகிறவரைக்கும் ஜெபின், தெருவில் சிவப்புப் பெயிண்டோடு யாராவது நடந்து வரும் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தான்.